தரையை முதலில் பார்

காரைக்குடி,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். அப்பா பக்கத்தில் இருந்தார். ஆபீஸ் விட்டு வரும்போது ஒருவன் இரண்டு நாளாக பைக்கில் பின்னாலேயே வந்ததை அவர் காதில் விழாமல் சொல்ல நீ பட்ட பாடு எனக்குப் புரிந்தது. அவரிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். இன்னொரு முறை அவனைப் பார்த்தால் வீட்டுப் பக்கம் திரும்பாதே. ஆள் நடமாட்டமுள்ள கடைக்குள் போய் நின்று 112-க்கு போன் செய். வண்டி நம்பர் கண்ணில் பட்டால் குறித்துக்கொள்.

"தற்காப்பு கிளாஸ் சேரணும்மா, ஆனா முட்டி மறுபடி போயிடுமோன்னு பயமா இருக்கு" என்றாய். பயப்படாமல் போ என்று நான் சொல்ல மாட்டேன். காலேஜில் த்ரோபால் ஆடி முட்டி திருகி, ஆறு வாரம் பிரேஸ் போட்டுக்கொண்டு படியேறியவள் நீ. உன் பயத்தில் நியாயம் இருக்கிறது. எந்த வகுப்பில் சேரலாம், எதில் கூடாது என்று பிரித்துப் பார்க்க அந்தப் பயமே உனக்கு உதவும்.

உன்னிடம் இதுவரை மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். நீ ஏழாவது படிக்கும்போது நான் வலது கையில் மாவுக்கட்டோடு இருந்தேனே, நினைவிருக்கிறதா? பாத்ரூமில் வழுக்கியதாகச் சொன்னேன். அது உண்மையில்லை. ஆசிரியைகளுக்கு என்று ஒருநாள் தற்காப்பு முகாம் வைத்தார்கள். சிமென்ட் தரை, மேலே ஒரு ஜமுக்காளம். வந்த மாஸ்டர் செய்து காட்ட என்னைக் கூப்பிட்டார். "சும்மா நில்லுங்க டீச்சர், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக் காலை வாரினார். கையை ஊன்றிக்கொண்டு விழுந்தேன், மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது. எப்படி விழுவது என்று அதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அத்தனை பேர் முன்னால் பி.டி. டீச்சரே பின்வாங்குவதா என்று விழுங்கிவிட்டேன். கை ஆறிவிட்டது, அப்படி விழுங்கியதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதற்கப்புறம் ஒரு ஜூடோ பயிற்சியாளரிடம் போய் விழுவதற்கு மட்டும் கற்றுக்கொண்டேன். 1882-ல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ தொடங்கிய கலை அது. எதிராளியைத் தூக்கிப் போடுவதற்கு முன் தான் விழப் பழக வேண்டும் என்பது அதில் முதல் பாடம், பெயர் உகெமி. குந்தி உட்கார வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை தரையில் அடிக்கும். முதுகை வளைத்துப் பின்னால் உருளும்போது இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி, உள்ளங்கையோடு முன்கையும் சேர்ந்து, தரையில் விரித்த மேட் மீது பட அறைய வேண்டும். மூச்சு வெளியே போக வேண்டும். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயரம் தாண்டும் மெத்தையில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். முதல் வாரமே இதைச் சொல்லித்தராமல் ஆளைத் தள்ளிப் பழக்கும் இடத்தில் நீ சேரக் கூடாது.

கிராவ் மகாவா, ஜூஜிட்சுவா, பாக்ஸிங்கா என்று கேட்டாய். கிராவ் மகா என்ற தற்காப்பு முறையை 1930-களில், இன்றைய ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா தெருக்களில் யூதர்களைக் காக்க இமி லிக்டென்ஃபெல்ட் உருவாக்கத் தொடங்கினார், பிறகு அது இஸ்ரேல் ராணுவத்துக்குப் போனது. இப்போது அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், அதனால் சொல்லித்தருபவரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பாக்ஸிங்கில் காலசைவும் தூரம் கணிப்பதும் நன்றாக வரும். ஆனால் ஜோடியாக மோதிப் பழகி, தலையில் அடி வாங்கும் ஸ்பாரிங்குக்கு நீ ஒத்துக்கொள்ளாதே. ஹெட்கார்டு தோல் கிழியாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. நம் சிலம்பம் எனக்கு உயிர், ஆனால் ஆபீஸ் பையில் கம்பு இருக்காதே. உன் நிலைமைக்கு பிரேசிலியன் ஜூஜிட்சு தொடக்க வகுப்புதான் என் மனதில் முதலில் வருகிறது. குத்து, உதை இல்லை, பிடித்து மடக்குவதுதான். வலிக்கப் போகிறது என்று தோன்றியதும் எதிராளியின் மேல் கையால் இரண்டு தட்டு தட்டினால் அவர் பிடியை விட்டுவிட வேண்டும். குதிகாலைப் பிடித்துத் திருகும் பூட்டுகளை மட்டும் தொடவே தொடாதே. அதில் வலி தெரியும் முன்பே முட்டி ஜவ்வு போய்விடும்.

பணம் கட்டும் முன் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பார். முதலில் தரையைப் பார். கனமான மேட் இருக்கிறதா, இரண்டு மேட்டுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா? கால் விரல் அந்த இடுக்கில் மாட்டி உடம்பு மட்டும் திரும்பினால் உன் முட்டி தாங்காது. புதிதாக வந்த பெண்ணை யாரோடு ஜோடி சேர்க்கிறார்கள் என்று பார். அப்புறம், ஒருவர் தட்டியதும் மற்றவர் எவ்வளவு சீக்கிரம் விடுகிறார் என்பதைக் கண் வாங்காமல் கவனி. தட்டின பிறகும் அரை நொடி அழுத்திப் பார்ப்பவன் இருப்பான். மாஸ்டர் அதைக் கண்டும் சும்மா இருந்தால் எழுந்து வந்துவிடு. அவரிடம் நேராகக் கேள்: "என் முட்டியில் பழைய அடி இருக்கு, நான் எதையெல்லாம் செய்யக் கூடாது?" "பழகப் பழகச் சரியாயிடும்" என்று சொல்கிறவர் வேண்டாம். இது கூடாது, இதை மெதுவாகச் செய், உன் பிசியோவிடம் இதைக் கேட்டுவிட்டு வா என்று சொல்கிறவரிடம் சேர். அதுவும் மாதக் கட்டணம்தான், வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டாதே.

"நிறுத்து" என்று சொன்னால் நிறுத்துகிற இடமாக இருக்க வேண்டும் என்று நான் இத்தனை அழுத்துவது முட்டிக்காக மட்டும் இல்லை. பெண்பிள்ளையை நாம் எல்லாவற்றையும் பொறுத்துப்போகச் சொல்லியே வளர்க்கிறோம். நானும் உன்னை அப்படித்தான் வளர்த்தேன். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2015-ல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு 12 மணி நேரப் பயிற்சி. அதில் அடி உதை கொஞ்சம்தான். தெரிந்தவனே எல்லை மீறும்போது அதை அடையாளம் காண்பதும், தயங்காமல் குரலெடுத்து மறுப்பதும்தான் அதிகம். ஒரு வருஷத்தில் பலாத்காரத்துக்கு ஆளானவர்கள் பயிற்சி பெறாதவர்களில் 9.8 சதவீதம், பெற்றவர்களில் 5.2 சதவீதம். வாரத்துக்கு மூன்று நாள் நீ தட்டி, எதிரே இருப்பவர் உடனே விட்டால், உன் வார்த்தைக்கு மதிப்பு உண்டு என்று உன் உடம்புக்கே பழகிவிடும். அந்த முகாமில் எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஒன்றை இன்றைக்கே செய்து பார். உன் ரூம்மேட்டை உன் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல். நேராகப் பின்னால் இழுத்தால் வராது. அவள் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடத்தைப் பார்த்து, முழங்கையை மடக்கியபடி அந்தப் பக்கமாக வெட்டி இழு, வந்துவிடும். அடுத்த முறை இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொல், அதற்கடுத்து இழுத்துக்கொண்டே பிடிக்கச் சொல். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று அப்போதுதான் தெரியும். நல்ல வகுப்பிலும் இப்படித்தான் எதிர்ப்பைப் படிப்படியாக ஏற்றுவார்கள். கடைசிவரை பூப்போலப் பிடித்துப் பழகினால் தெருவில் உதவாது, முதல் நாளே முரட்டுத்தனமாக இறங்கினால் இரண்டாம் நாள் நீ போகமாட்டாய்.

சேருவதற்கு முன் பிசியோவிடம் முட்டியைக் காட்டிவிடு. அவர் சரி என்றால் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவதையும், பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பதையும் இப்போதே தொடங்கு. நகத்தை ஒட்ட வெட்டு. பயிற்சி முடிந்த கையோடு குளித்துவிடு, மேட் மீது உருள்கிறவர்களுக்குப் படர்தாமரை சீக்கிரம் ஒட்டும்.

சனிக்கிழமை பார்க்கப் போகிறாய் அல்லவா? உள்ளே போனதும் எனக்கு வீடியோ கால் போடு. மாஸ்டரை அப்புறம் பார்க்கிறேன், முதலில் அந்தத் தரையைக் காட்டு.

அன்புடன்,
அம்மா