எங்கள் மகளின் மூச்சைக் காத்தவர்களுக்கு

குருதிப் புற்றுநோய்க்காக 2022 இல் கொழும்பில் எங்கள் மகளுக்கு, இன்னொருவரின் குருதி உருவாக்கும் கலங்களைப் பெற்றுச் செலுத்தும் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை நடந்தபோது உதவிய களுவாஞ்சிகுடி மக்களுக்கு அப்போதே நன்றி கூறியிருந்தோம். இம்மடல், அதற்குப் பின் வந்த துன்பத்தில் துணை நின்றவர்களுக்கானது.

சிகிச்சை முடிந்து பதினான்காம் மாதம், கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் தூக்கி வருவதற்குள் மகளுக்கு மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் குறையொன்றும் தெரியாததால், தொய்வு என்று மருந்து கொடுக்கப்பட்டு இரண்டு மாதங்கள் வீணாகின. மூச்சை ஊதிப் பார்க்கும் அறையில் பணியாற்றும் தங்கையே, மாற்றுச் சிகிச்சைக்கு முந்திய அறிக்கையையும் கேட்டு வாங்கி, ஒரு செக்கனில் ஊதும் காற்றின் அளவு, இயல்பாக இருக்க வேண்டியதில் 88 வீதத்திலிருந்து 61 வீதமாக இறங்கியிருப்பதைக் கண்டு, அன்றே வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். கொடையாளரின் நோயெதிர்ப்புக் கலங்கள் மகளின் நுரையீரலை அந்நியமாகக் கருதித் தாக்கியதில் நுண்ணிய மூச்சுக்குழாய்கள் வடுப்பட்டுச் சுருங்கியிருந்தன. வடுப்பட்டது பெரும்பாலும் மீளாது, எஞ்சியதைக் காப்பதே சிகிச்சை என்பதால், அத்தங்கை காத்துத் தந்த ஒவ்வொரு நாளும் எங்களுக்குப் பெரிது.

கொடையாளர் எங்கள் மகன். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பே உண்டு என்றிருக்க, அவனுடையது பொருந்தியதை அம்மனின் அருளாகவே கொண்டாடினோம். "என்ட கலந்தானே அக்காவத் தாக்குது" என்று அவன் சாப்பாட்டையும் விட்டுக் கிடந்தபோது, கிளினிக் நேரம் முடிந்த பின்னும் அவனைப் பக்கத்தில் இருத்தி, புற்றுநோய் திரும்பாமல் காவல் நிற்பவையும் அதே கலங்கள்தான் என்று விளங்கப்படுத்திய வைத்தியர் ஐயாவுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அன்றிரவு அவன் சாப்பிட்டான்.

நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவருக்கு, வைக்கோல் தூசியிலுள்ள பூஞ்சணமே நெஞ்சுக்குள் நோயாகிவிடலாம். இதைக் கேட்டதும் வேலியோரத்து வைக்கோற்போரை மறுகாணிக்கு மாற்றிய போடியார் மாமாவுக்கும், இன்றுவரை குப்பை எரிக்காத அயலவர்களுக்கும், கோயிலின் வைகாசிச் சடங்கின்போது எங்கள் ஒழுங்கையில் வெடி கொளுத்த வேண்டாமென்று தாமாகவே சொல்லிவைத்த, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஐயாவுக்கும் எங்கள் நன்றி. கிளினிக் நாட்களில் நேரம் பாராமல் வந்து, ஒருநாளும் கூலி வாங்காத ஆட்டோத் தம்பியையும் மறவோம்.

கடந்த மூன்று பரிசோதனைகளிலும் அளவு 60 வீதத்தில் நிலைத்து நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதிப் பார்க்க வேண்டும். அடுத்த முறைக்கு அக்காவும் தம்பியும் சேர்ந்தே போகிறார்கள்.