ஐயனார் கோயில் காட்டுக்கு நன்கொடை வேண்டுகோள்

ஐயனார் துணை.

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று பிழைக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் கோயில் காடு கமிட்டியின் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆவணி முடிய இருபது நாள்தான் இருக்கிறது. நம் கோயில் காட்டில் சீமைக்கருவேலத்தைக் கையால் வெட்டி எடுத்து, வேலி போட்டு, கன்று நட ரூ.2,72,500 குறைகிறது.

காட்டின் 11 ஏக்கரில் 6 ஏக்கரைச் சீமைக்கருவேலம் பிடித்துவிட்டது. கரிமூட்டம் போடுகிற ஒருவர், ஜேசிபி விட்டு மூன்றே நாளில் வழித்துத் தருகிறேன், மேலே ஒன்றரை லட்சமும் தருகிறேன் என்கிறார். ஆவணிக்குள் பதில் கேட்கிறார். 'சும்மா வருகிற பணத்தை விட்டுவிட்டு வசூலுக்கு வருகிறீர்களே' என்று கேட்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறோம்.

நம் உடைமரங்களையும் பழைய பூவரசுகளையும் கிட்டப் போய்ப் பாருங்கள். கடற்காற்று படுகிற பக்கம், சாம்பல் நிறத்தில் நாடா நாடாவாக ஒரு பாசி தொங்கும். உச்சி வெயிலில் தொட்டால் மொடமொடக்கும். பனி இறங்கிய காலையில் ஈரத்துணி போலத் துவளும். பூஞ்சையும் நுண்பாசியும் ஒரே உடம்பாக வாழ்கிற லைக்கன் இது, கறிக்குழம்பில் போடும் கல்பாசிக்குப் பங்காளி. தாவரவியல் சொல்லித் தருகிற நம் ஊர் மருமகன் ஒருவர் இதை ரொசெல்லா மாண்டேனி என்றார். பள்ளிக்கூடத்து லிட்மஸ் தாளுக்குச் சாயம் கொடுத்ததும் ரொசெல்லா இனம்தானாம்.

இது மெதுவாக வளர்வது. பொடியாக உதிர்ந்து, காற்றில் போய் இன்னொரு மரத்தில் ஒட்டித்தான் பரவும். பக்கத்தில் மரம் இல்லையென்றால் பொடி மண்ணோடு போச்சு. சுவீடன், பின்லாந்து காடுகளில் லொபேரியா என்ற பாசிக்கு இதுதான் நடந்தது. காட்டை மொத்தமாக வெட்டிய இடங்களில் அதுவும் அற்றுப்போனது. இப்போது அங்கே வெட்டும்போது பழைய மரங்கள் சிலவற்றை நிற்க விடுகிறார்கள். பெரும்பாலும் சில பத்து மீட்டருக்குள்தான் அது புது மரத்துக்குத் தாவுகிறது. நம் காட்டில் ஜேசிபி விட்டால் இந்த மரங்களின் பட்டையை உரிக்கும், கிளை முறிக்கும், கன்றுகளையும் சேர்த்து வாரும். நம்மிடமும் தவறு உண்டு. திருவிழாவுக்கென்று மரங்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் அடித்தோம். அந்தத் தூர்களில் பாசி இன்றுவரை திரும்பவில்லை. இனி அடிக்க மாட்டோம்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964 டிசம்பர் புயலில், இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த வீடுகளில்தான் கூரை நின்றது என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அப்போது சாய்ந்த மரத்தைக்கூட யாரும் விறகுக்குத் தொடவில்லை. ஐயனார் சொத்து என்று கிடந்த இடத்திலேயே மக்க விட்டார்கள். அடுப்புக்குச் சுள்ளி கிடைக்காத காலம் அது! அவர்கள் பேரன்கள் நாம் ஒன்றரை லட்சத்துக்குக் கைநீட்டினால் அந்தச் சாமி முகத்தில் எப்படி விழிப்பது?

கணக்கு இது. ஆள் வைத்துக் கையால் வெட்டி வேரோடு எடுக்க ரூ.1,68,000. ஆடு நுழையாமல் கம்பி வேலி ரூ.2,10,000. பழைய மரங்களை ஒட்டியே நட 600 உடை, பூவரசு, புங்கன் கன்றுகளும் கூண்டும் ரூ.60,000. இரண்டு கோடைக்குத் தண்ணீர் வண்டி ரூ.72,000. ஆக ரூ.5,10,000. கையில் ரூ.2,37,500. ஐப்பசி மழை விழுந்தால் கருவேல விதையெல்லாம் முளைத்துவிடும், அதனால் தள்ளிப்போட முடியாது.

இதுவரை கொடுத்தவர்களை மறக்க மாட்டோம். சீட்டுப் பணத்திலிருந்து ரூ.40,000 எடுத்துத் தந்த மகளிர் குழுத் தாய்மார்கள், பாடு சரியில்லாத மாதத்திலும் வள்ளத்துக்கு ரூ.500 என்று பிரித்துக் கொடுத்த கடற்கரைத் தெரு, 'எங்க வாப்பாவும் அந்த நிழலில்தான் உட்கார்ந்தார்' என்று ரூ.25,000 அனுப்பிய கீழக்கரைப் பாய், முதல் சம்பளத்தை அப்படியே போட்டுவிட்ட ஷார்ஜா தம்பி, கம்பித்தூணை வாடகை வாங்காமல் இறக்கிய லாரிக்காரர், எல்லோருக்கும் நன்றி. எட்டு வருஷமாகக் காதணி விழாவுக்கு மட்டும் ஊருக்கு வந்துபோகிற சிலர் பெயர் இன்னும் பட்டியலில் இல்லை. யாரென்று எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். ரூ.100 ஆனாலும் ரசீது உண்டு. பணம் முடியாதவர்கள் ஒரு நாள் அரிவாளோடு வாருங்கள், மதியச் சோறு கமிட்டி பொறுப்பு.

இப்படிக்கு,
கோயில் காடு கமிட்டியார்