எழுத்தாளருக்கு முன்னால் புத்தகம் வரட்டும்

நூலகர்களுக்கும் நூலக நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் குழுவினருக்கும்,

வணக்கம்.

எழுத்தாளர் சந்திப்பு என்று நூலகத்தில் அறிவிப்பு ஒட்டினால் முதல் ஆளாகப் போய் உட்காருகிறவள் நான். மாதாமாதம் கூடும் வாசிப்பு வட்டத்திலும் பல வருடங்களாக இருக்கிறேன். இரண்டும் ஒரே கட்டடத்தில்தான் நடக்கின்றன, சில சமயம் ஒரே அறையில். ஆனால் ஒன்று நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

சந்திப்பு பெரும்பாலும் எப்படிப் போகிறது என்பது உங்களுக்கே தெரியும். வரவேற்புரை, அறிமுக உரை, வாழ்த்துரை. அறிமுகம் செய்பவர் விருதுப் பட்டியலை ஒன்றுவிடாமல் வாசிப்பார். எழுதியதிலிருந்து ஒரு வரிகூட வராது. எழுத்தாளர் மைக்கைப் பிடிக்கும்போது பாதி நேரம் போயிருக்கும். அப்புறம் கேள்வி நேரம். "எழுத்தில் ஆர்வம் எப்படி வந்தது?", "இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" எந்த எழுத்தாளரிடமும் கேட்கக்கூடிய கேள்விகள். கேட்டவரைக் குறை சொல்லவும் முடியாது. நூலகத்தில் இருப்பது ஒரே பிரதி, அதையும் யாரோ எடுத்துப் போயிருப்பார்கள். படிக்காதவர் வேறு எதைக் கேட்பார்?

ஆகவே நான் கேட்பது இதுதான். எழுத்தாளர் வருவதற்கு ஆறு வாரம் முன்பே அவருடைய ஒரு புத்தகத்தை, ஒன்றே ஒன்றை, பத்துப் பன்னிரண்டு பிரதிகள் திரட்டி வாசிப்பு வட்டத்துக்குக் கொடுங்கள். வாங்கப் பணம் இல்லையா, மற்ற கிளைகளிலிருந்து வரவழைத்தாலும் சரி. நாங்கள் படித்து, ஒருமுறை கூடிப் பேசிவிடுகிறோம். அதற்குப் பிறகு அவர் வரட்டும்.

இது புது யோசனையும் இல்லை. 1998-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகத்தில் நான்சி பேர்ல் என்ற நூலகர் ஊர் முழுவதையும் ஒரே நாவலைப் படிக்க அழைத்தார். அந்தத் திட்டம்தான் பிறகு 'ஒரு நகரம், ஒரு புத்தகம்' என்ற வடிவில் பல நாடுகளுக்குப் பரவியது. ஒரே நூலின் பல பிரதிகளை ஒரு பையில் போட்டு, விவாதக் கேள்விகளையும் சேர்த்து வாசிப்பு வட்டங்களுக்கு இரவல் தரும் நூலகங்களும் உலகில் நிறைய உண்டு. பெரிய செலவு இல்லை. அந்தப் பை ஒரு வட்டம் முடித்ததும் அடுத்த வட்டத்துக்குப் போய்விடும்.

சேர்ந்து படித்தால் அப்படி என்ன கிடைத்துவிடும் என்று கேட்கலாம். எங்கள் வட்டத்தில் ஒருமுறை ஒரு நாவலை எடுத்தோம். வீட்டை விட்டுப் போன ஒரு பெண் கடைசிவரை பிள்ளைகளுக்கு ஒரு வரி எழுதுவதில்லை. கல் நெஞ்சுக்காரி என்று ஏறக்குறைய எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டோம். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த ஒரு கல்லூரி மாணவி பக்கத்தைப் புரட்டி மெதுவாக வாசித்தாள்: ரயில் நிலையத்தில் அந்தப் பெண் சில்லறையை எண்ணிப் பார்த்து ஒரு தபால் அட்டை வாங்கிப் பையில் வைக்கிறாள். அவ்வளவுதான், அந்த அட்டை கதையில் திரும்ப வருவதே இல்லை. அத்தனை பேரும் கடந்து வந்த வரி அது. அதற்குப் பிறகு நடந்த பேச்சு வேறு. எழுதவில்லையா, எழுத முடியவில்லையா? முகவரியே தெரியாதோ? ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "அட்டை வாங்கத் தெரிந்தவளுக்கு எழுதத் தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனார். அடுத்த மாதம் வந்ததும் அதிலிருந்துதான் ஆரம்பித்தார்.

அந்த எழுத்தாளர் அன்று அறையில் இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இருந்திருந்தால் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்து விடை கேட்டிருப்போம். முதலில் நாங்கள் சண்டை போட்டுக்கொள்ள வேண்டும், பிறகு அவர் வர வேண்டும். இந்த வரிசை முக்கியம். அப்படி வருகிறவரிடம் தபால் அட்டையைப் பற்றிக் கேட்போம், விருதைப் பற்றி அல்ல.

வட்டத்தை நடத்துபவர்களிடமும் ஒரு வார்த்தை. புத்தகத்தை முடிக்காதவர்களை வரவேண்டாம் என்று சொல்லாதீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-இல் வாசகரின் பத்து உரிமைகள் என்று ஒரு பட்டியல் போட்டார். பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, பாதியில் நிறுத்தும் உரிமை எல்லாம் அதில் உண்டு. பத்தாவது, எதுவும் சொல்லாமல் இருக்கும் உரிமை. சுற்றுவரிசையில் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஒவ்வொருவராகப் பிடிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாணவியை முதல் பத்து நிமிடத்தில் பேச வைத்திருந்தால் "நல்லா இருந்தது" என்று மட்டும் சொல்லியிருப்பாள்.

இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதனை நூலகவியல் படித்தவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1931-இல் வெளியான அவருடைய நூலகவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். எழுத்தாளர் சந்திப்பு இந்த விதிக்காக நடக்க வேண்டிய நிகழ்ச்சி என்றே நினைக்கிறேன். அரங்கில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் புகைப்படமே காட்டிவிடும். மறுவாரம் அந்த எழுத்தாளரின் நூல்களை எத்தனை பேர் எடுத்துப் போனார்கள்? அந்தக் கணக்கு உங்கள் இரவல் பதிவில் இருக்கிறது, ஒருமுறை பாருங்கள்.

சந்திப்பு நாளன்று சில சின்ன மாற்றங்கள் போதும். மேடை வேண்டாம், நாற்காலிகளை வட்டமாகப் போடலாம். எழுத்தாளர் தன் புத்தகத்திலிருந்து இரண்டு பக்கம் வாசிக்கட்டும். தான் எழுதியதை எழுத்தாளர் எங்கே நிறுத்தி, எங்கே வேகமாக வாசிக்கிறார் என்று கேட்பதே தனி அனுபவம். முதல் மூன்று கேள்விகள் வட்டத்திலிருந்து வரட்டும், மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிடும். அவருடைய நூல்களை வாசலருகே மேசையில் அடுக்கி, அங்கேயே இரவல் எடுக்க வழி செய்யுங்கள்.

அப்புறம், பேச வருகிறவருக்குப் பயணச் செலவும் ஒரு மதிப்பூதியமும் கொடுங்கள். அழைப்பதே மரியாதை என்று பல இடங்களில் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்.

அடுத்து யாரை அழைக்கிறீர்கள் என்பதை மட்டும் எங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாற்காலி போடுவது, கேள்விகளைத் திரட்டுவது, பிரதிகளைக் கைமாற்றி எண்ணி ஒப்படைப்பது எல்லாம் எங்கள் வேலை. வாழ்த்துரை எங்கள் தரப்பில் யாரும் பேசமாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசிப்பு வட்டத்து வாசகி