சிறுவர் கால்பந்துப் போட்டிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நடத்தும் போட்டிகளுக்குச் சிறுவர் சிறுமியரை அழைத்து வரும் பயிற்றுநர்களில் ஒருவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் அணிக்குப் பதினொரு பேர் ஆடும் முறையைக் கைவிட்டு, சிறு களங்களில் அணிக்கு நான்கு பேர் ஆடும் முறைக்கு மாற வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இப்போது நடக்கும் ஆட்டத்தை எல்லைக்கோட்டின் அருகில் நின்று சிறிது நேரம் கவனித்துப் பாருங்கள். பந்து எங்கே போகிறதோ அங்கே பத்துப் பதினைந்து குழந்தைகள் மொய்க்கிறார்கள். அவர்களில் வலுவான ஒருவன் ஓங்கி உதைக்க, கூட்டம் அப்படியே அடுத்த இடத்துக்கு ஓடுகிறது. இடது ஓரத்தில் நிறுத்தப்பட்ட சிறுமி பந்து வராததால் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். சலித்துப்போய் அவள் நகர்ந்தாலோ, "உன் இடத்தில் நில்" என்று வெளியிலிருந்து குரல் வருகிறது. கோல்கீப்பரின் நிலை இன்னும் பரிதாபம். முழு அளவுக் கோல் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்டது. ஏழு வயதுக் குழந்தை அதில் ஏறக்குறையப் பாதி உயரம்தான் இருக்கும். தலைக்கு மேலே தூக்கி அடித்தால் கோல் என்பதை எதிரணி சீக்கிரமே கண்டுகொள்கிறது. அதன்பின் யாரும் பாஸ் கொடுப்பதில்லை, பந்தைக் காலோடு கொண்டு செல்வதுமில்லை. தூரத்திலிருந்து தூக்கி அடிப்பதே ஆட்டமாகிவிடுகிறது.

கணக்கும் எளிதுதான். 24 குழந்தைகள் வந்தால், பதினொருவர் ஆட்டத்தில் 22 பேர் உள்ளே, இருவர் வெளியே, எல்லோருக்குமாகப் பந்து ஒன்று. அதே 24 பேரை மூன்று சிறு களங்களில் பிரித்தால் வெளியே உட்கார ஆளே இருக்காது. எட்டுப் பேருக்கு ஒரு பந்து கிடைக்கும். 30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட ஆறு களங்கள், இடையே நடந்து செல்லப் போதிய இடைவெளியுடன், ஒரு முழு மைதானத்தில் தாராளமாக அடங்கும். அதாவது 48 பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். மேலும், நான்கு பேர் கொண்ட அணியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. பந்தைக் கண்டு ஒதுங்கும் குழந்தையின் காலுக்கும் பந்து வந்தே தீரும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2017 முதல் எட்டு வயதுக்குட்பட்டோருக்குக் கோல்கீப்பர் இல்லாத நால்வர் ஆட்டத்தையும், பத்து வயதுக்குட்பட்டோருக்கு எழுவர் ஆட்டத்தையும், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு ஒன்பதின்மர் ஆட்டத்தையும் கட்டாயமாக்கியது. ஜெர்மனியில் 2024-25 பருவம் முதல் மிக இளையவர்கள் இருவர் அல்லது மூவர் கொண்ட அணிகளாக நான்கு குட்டிக் கோல்களுடன் ஆடுகிறார்கள். அவர்களுக்குப் புள்ளிப் பட்டியலும் கிடையாது. இதனால் வெற்றி வேட்கையே மங்கிவிடும் என்று அந்நாட்டிலேயே எதிர்ப்புக் கிளம்பியது. எனக்கு அந்தக் கவலை இல்லை. பட்டியல் இல்லாவிட்டாலும் எத்தனை கோல் என்பதைக் குழந்தைகள் விரல்விட்டு எண்ணி வைத்திருப்பார்கள். பட்டியலோடு ஒழிவது, சுமாராக ஆடும் குழந்தையைப் பெஞ்சில் உட்காரவைக்கப் பெரியவர்களாகிய எங்களுக்கு இருக்கும் காரணம்தான்.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இதுவே. சிறுவர்களுக்கான சிறிய அளவுப் பந்தான மூன்றாம் எண் பந்து போதும். கோலுக்கு 1.8 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் இருந்தால் நிறைவு. கிடைக்காவிட்டால் இரண்டு கோன்களை வைத்துக்கொள்ளலாம். கோல்கீப்பரும் வேண்டாம், எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னே நிற்பவருக்குப் பாஸ் கொடுப்பதைத் தடுக்கும் ஆஃப்சைடு விதியும் வேண்டாம். பந்து கோட்டைத் தாண்டினால் த்ரோ-இன் எறியச் சொல்லி, அது தவறு என்று விசில் அடித்து, மீண்டும் எறியச் சொல்லி நேரத்தை வீணாக்குவதைவிட, தரையில் வைத்துக் காலாலேயே உள்ளே கொண்டுவர விடுங்கள். கோலருகிலிருந்து ஓர் அணி ஆட்டத்தைத் தொடங்கும்போது எதிரணி நடுக்கோட்டுக்குப் பின்வாங்கட்டும்; அந்தச் சில விநாடி அவகாசம் இருந்தால்தான் குழந்தை நிமிர்ந்து பார்த்து அருகிலிருப்பவருக்குப் பாஸ் கொடுக்கும். அணிகளைச் சமப்படுத்த மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. களங்களை வரிசையாக எண்ணிட்டு, எல்லாக் களங்களுக்கும் ஒரே விசிலில் எட்டு நிமிட ஆட்டங்களைத் தொடங்கி முடித்து, வென்ற அணியை ஒரு களம் மேலேயும் தோற்ற அணியை ஒரு களம் கீழேயும் நகர்த்தினால், சில சுற்றுகளிலேயே சமபலம் உள்ளவர்கள் தாமாகவே எதிரெதிரே வந்துவிடுவார்கள். அப்படியும் ஓர் அணி மூன்று கோல் பின்தங்கினால் அதற்கு ஐந்தாவது ஆளை இறங்க அனுமதிக்கலாம்.

இதில் உங்களுக்குச் சிரமம் இல்லாமல் இல்லை. கூடுதல் பந்துகள், கூடுதல் கோன்கள், களத்துக்கு ஒரு பொறுப்பாளர் எல்லாம் தேவைப்படும். களம் சிறிதானால் பெற்றோர் இன்னும் நெருங்கி நின்று கத்துவார்கள் என்பதால், கோட்டிலிருந்து சில மீட்டர் தள்ளி அவர்களுக்கென ஒரு கயிறு கட்ட வேண்டியிருக்கும். இலேசான கோல்களை மண்மூட்டையோ ஆணியோ இட்டு அசையாமல் நிறுத்துவதில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. குழந்தைகள் குறுக்குக் கம்பியில் தொங்குவார்கள், கோல் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. சிறப்பு விருந்தினர் கோப்பையை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வியும் எழும் (போட்டியின் வடிவத்தை இதுவரை தீர்மானித்து வந்தது இந்தக் கேள்விதானோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு). எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சான்றிதழைக் கொடுத்துவிடலாம்.

அடுத்த போட்டிக்கான சுற்றறிக்கையை அனுப்புவதற்கு முன் ஒன்றைத் திருத்தும்படி வேண்டுகிறேன். இந்தப் பிரிவில் ஓர் அணிக்கு ஆறு பேருக்கு மேல் பதிவு செய்ய அனுமதிக்காதீர்கள். பதினைந்து குழந்தைகள் உள்ள சங்கம் அணிக்கு ஐவராக மூன்று அணிகளுடன் வரட்டும். பதிவுப் படிவத்திலேயே இதை அச்சிட்டுவிட்டால், போட்டி நாளன்று ஓரிருவர் மாறி மாறி இளைப்பாறுவதைத் தவிர, யாரையும் நெடுநேரம் வெளியே உட்காரவைக்கும் பேச்சுக்கே இடமிருக்காது. முதல் முறை என்பதால் காலை வேளைச் சுற்றுகளை மட்டும் இம்முறையில் நடத்திப் பார்ப்பதானாலும் சரியே. முந்தைய நாள் மாலையில் கோடு போட நானும் என்னுடன் இருக்கும் பயிற்றுநர்களும் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
சிறுவர் அணிப் பயிற்றுநர் ஒருவர்