தகப்பன்மாருக்குக் காசு சேர்க்கிற கதை

அன்புள்ள அக்காவுக்கு,

இஞ்ச இங்கிலாந்தில நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளையளும் சுகமாயிருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டுறன். இரணைமடுக் குளம் வான் பாயிற வீடியோ கிடைச்சுது. வயலுக்கு வெள்ளம் ஏறேல்லைத்தானே?

மற்றது, போன முறை போனில ஏசினீங்களே: "பெண்டில் பிள்ளையை விட்டிட்டுத் திரியிற ஆம்பிளையளுக்கோ காசு சேர்க்கிறாய்? இஞ்ச கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில 2017 மாசியில தொடங்கித் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடிக் குந்தியிருக்கினம்" எண்டு. வேலைக்கு ஓடுற அவசரத்தில மறுமொழி சொல்லேல்லை. உங்கட கோபம் ஞாயம். ஆனால் இது விட்டிட்டுப் போனவைக்கு இல்லை அக்கா, பிள்ளையைப் பார்க்க விடுங்கோ எண்டு அலையிறவைக்கு.

ஊரில புருசன் பெண்சாதி பிரிஞ்சாலும், மாமி வீட்டுப் படலை பூட்டியிருந்தாலும், புளியம்பொக்கணைத் திருவிழாவில பிள்ளையைக் கண்டு ஒரு ஐஸ்பழம் வாங்கிக் குடுக்கலாம். பெரியப்பாமார் போய்க் கதைப்பினம். (எல்லா வீட்டிலயும் இல்லை, தெரியும்.) இஞ்ச இடையில நிண்டு கதைக்க ஆர் இருக்கினம்? ஒத்துவராட்டிக் குடும்ப நீதிமன்றம்தான். முதல் மத்தியஸ்தரிட்டைப் போகவேணும், பிறகு வழக்குப் போட 250 பவுணுக்கு மேல கட்டவேணும். இப்பிடியான வழக்குகளுக்குக் குடுத்த அரசாங்கச் சட்ட உதவியை 2013 சித்திரையோட வெட்டிப்போட்டாங்கள். முக்கியமாய் வீட்டுக்குள்ள அடி உதை பட்டதுக்கு அத்தாட்சி உள்ளவைக்குத்தான் மிச்சம் இருக்கு. அது இருக்கத்தான் வேணும். கைநீட்டினவனுக்காக நான் ஒரு சதமும் சேர்க்கமாட்டன். மற்றவை வக்கீலுக்குக் காசில்லாட்டித் தாங்களே எழும்பிக் கதைக்கவேணும். எங்கட ஆக்களுக்குக் கடையில இங்கிலீசு கதைக்கவே கூச்சம், இதில நீதவானுக்கு முன்னால எப்பிடி?

எங்கட கடையில வேலை செய்யிற விசுவமடுப் பொடியன் ஒருத்தன். சனிக்கிழமையில ரெண்டு மணித்தியாலம், ஒரு சேர்ச் மண்டபத்தில, வேற ஆக்கள் பார்த்திருக்க மகளோட இருக்கலாம். வெள்ளி இரவு கடை பூட்டினபிறகு, விக்க வைச்சிருக்கிற புது மொப்பின்ர நூலை மூண்டாய்ப் பிரிச்சுப் பின்னிப் பழகுவான். பிள்ளைக்குத் தலை பின்னிவிடவேணுமாம். முதலாளி கண்டும் காணாத மாதிரிப் போயிடுவார்.

அவனைத் தூக்கி நிமித்தினது 1974 இல ஃபமிலீஸ் நீட் ஃபாதர்ஸ் (குடும்பங்களுக்குத் தகப்பன்மார் வேணும்) எண்ட பேரில தொடங்கின அமைப்பு. போனில விளக்கம் சொல்லுவினம், கூட்டம் வைப்பினம். பிள்ளையைக் காணாத தாய்மாரும் பேரப்பிள்ளையளைக் காணாத அப்பப்பா அப்பம்மாவும் கூடப் போகலாம். நீதிமன்றத்துக்குத் துணையாய் ஒருத்தரைக் கூட்டிப்போகலாம் எண்டதே அவனுக்கு அங்கதான் தெரிஞ்சுது. அந்த ஆள் வாதாட ஏலாது. பக்கத்தில இருந்து குறிப்பெடுக்கலாம், மெல்லமாய்ச் சொல்லிக் குடுக்கலாம்.

அந்த அமைப்புக்குத்தான் நாங்கள் காசு சேர்க்கிறம். அதுவும் லேசில்லை. தெருவில உண்டியல் பிடிக்க அனுமதி எடுக்கவேணும். அதால மண்டபத்தில கொத்துரொட்டி போட்டம். தகட்டில அடிக்கிற சத்தத்துக்கே சனம் வரிசை கட்டிட்டுது. பிறகுதான் கணக்குப் பார்க்கிற அண்ணை சொன்னார், சாப்பாடு வித்த காசுக்கு வரிச்சலுகை இல்லையாம். நடந்தோ ஓடியோ நன்கொடையாய்ச் சேர்த்தால், வரி கட்டுற ஆக்கள் தாற ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் மேலதிகமாய்க் குடுக்குமாம். அதால பங்குனியில தேம்ஸ் கரையால நடக்கப்போறம். உங்கட மச்சாள் இப்பவே சப்பாத்து வாங்கிட்டா.

சிலபேர் விசயத்தைக் கேட்டதும் முகத்தைச் சுழிக்கினம். "தம்பி, உங்கட வீட்டிலயும் பிரச்சினையோ?" எண்டு ஒரு அம்மா என்னையே கேட்டா. பிரிஞ்சதை வெளியில சொன்னால் மானம் போயிடும் எண்ட எண்ணத்தை நாங்கள் பிளேனிலயும் ஏத்திக்கொண்டு வந்திட்டம். தமிழ்ப் பொடியள் கூட்டத்துக்குப் போறதே குறைவு. போனாலும் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ எண்டு வாசலில நிண்டு எட்டிப் பார்த்திட்டுத்தான் உள்ளுக்க போவினம்.

ஆனியில தகப்பனார் தினத்துக்கு ஒடியல் கூழ் காய்ச்சுவம் எண்டிருக்கிறம். மண்டபக்காரர் ஒவ்வாமை தாற 14 சாமானில எது எது கிடக்கெண்டு எழுதி ஒட்டச் சொல்லுகினம். மீன், நண்டு, றால் எண்டு கூழில பாதி அதுக்குள்ள வந்திடும்! இஞ்ச வாங்கிற ஒடியல் மாவில மணமே இல்லை. அத்தான்ர தங்கச்சி சித்திரையில வாறாவெல்லே, அவவிட்டை ரெண்டு கிலோ குடுத்துவிடுங்கோ. நல்லாய்க் காய்ஞ்சதாய்ப் பார்த்து ரெட்டைப் பையில கட்டுங்கோ.

இப்படிக்கு,
உங்கட அன்புத் தம்பி