கூப்பர் கார் கண்காட்சிக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கூப்பர் பந்தயக் கார்களின் வரலாற்றைத் தமிழில் எழுதி, மாதிரிச் சட்டகத்துடன் மதுரையில் காட்சிக்கு வைக்கத் துணைநின்ற அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி, புதூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்தும் ஐயா அவர்களுக்கு. 1946-இல் இங்கிலாந்தின் சர்பிட்டன் நகரில் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் ஃபியட் டோபோலினோ என்னும் இரண்டு சிறிய கார்களின் முன்பாகங்களை இணைத்துப் பற்றவைத்துத் தங்கள் முதல் 500 சிசி காரைச் செய்தார்கள் என்று நான் படித்துக்காட்டியதும், அவர் சாக்பீஸை எடுத்துப் பட்டறைத் தரையிலேயே அதை வரைந்துவிட்டார். அது மோட்டார் சைக்கிள் இன்ஜின் என்பதால் செயினில்தான் ஓட்டியாக வேண்டும்; முன்னால் வைத்தால் ஓட்டுநரின் இருக்கைக்கடியில் செயினை நீளமாக இழுக்க வேண்டும், பின்னால் வைத்தால் ஒரு முழத்தில் வேலை முடிந்துவிடும் என்று அவர் விளக்கிய பிறகே, பின்பக்க இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு முழுமையாக விளங்கியது. கண்காட்சியில் நின்ற சட்டகம் அவர் பற்றவைத்ததே.

தெப்பக்குளம் பகுதியில் டயர் கடை வைத்திருக்கும் தம்பி, நூல் தெரியத் தேய்ந்த டயர் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். 1958-இல் நடந்த அர்ஜென்டினா கிராண்ட் பிரிக்ஸ் என்னும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில், தனியார் அணி உரிமையாளர் ராப் வாக்கருக்குச் சொந்தமான கூப்பரை ஓட்டிய பிரிட்டிஷ் வீரர் ஸ்டர்லிங் மாஸ் டயர் மாற்ற நிற்கவே இல்லை. நான்கு போல்ட்டுகளில் பூட்டிய சக்கரங்களைக் கழற்றி மாட்டும் நேரத்தில் வெற்றி கைநழுவிவிடும் என்பதால், நூல் வெளியே தெரியும் டயர்களோடே ஓட்டி, ஃபெராரியை 2.7 வினாடியில் வென்றார். உலக சாம்பியன்ஷிப்பில் பின்பக்க இன்ஜின் காருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அந்த டயரைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்த்த பிறகு நான் விளக்கவேண்டியது அதிகம் இருக்கவில்லை.

1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆஸ்திரேலிய வீரர் ஜாக் பிரபாம் கூப்பரில் உலக சாம்பியன் ஆனார். அதுவரை இன்ஜினை முன்னால் வைத்துவந்த ஃபெராரியும் 1961-இல் அதைப் பின்னுக்கு மாற்றியது.

சென்னைக்கு அருகே சோழவரத்தில் நடந்த கார்ப் பந்தயங்களை நேரில் கண்ட ஓய்வுபெற்ற மெக்கானிக் அண்ணன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கோவை கரிவரதனைப் பற்றியும் ஒரு பலகை வேண்டும் என்று வற்புறுத்தினார். அது மிகச் சரியான யோசனை. மாணவர்கள் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

பிழை திருத்திய தமிழாசிரியை அவர்களுக்கும், மண்டபத்தை வாடகையின்றித் தந்தவர்களுக்கும், இரவெல்லாம் பலகை எழுதிய தம்பி தங்கைகளுக்கும் நான் என்றும் கடமைப்பட்டுள்ளேன். சட்டகம் இப்போது புதூர் பட்டறையில் உள்ளது. பயில விரும்பும் மாணவர்கள் அங்கே சென்று பார்க்க ஐயா இசைவு தந்துள்ளார்.

நன்றியுடன்,
கண்காட்சி அமைப்பாளர், மதுரை