கேள்வித்தாளில் வார்டுக்கும் இடம் கொடு

சேலம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதியடைந்தேன். உங்கள் பி.எஸ்சி. நர்சிங் மாணவர்கள் படிப்பில் எவ்வளவு நிறைவாக இருக்கிறார்கள் என்று அறியக் கேள்வித்தாள் தயாரிப்பதாகவும், எதையெல்லாம் கேட்கலாம் என்றும் எழுதியிருந்தாய்.

விடுதிச் சாப்பாடு, நூலகம், பேருந்து பற்றியெல்லாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நான் பார்த்தவரை, ஒரு மாணவியின் மனநிறைவைத் தீர்மானிப்பது மருத்துவமனை வார்டில் பெறும் நேரடிப் பயிற்சியான கிளினிக்கல் போஸ்டிங்தான். ஆய்வகத்தில் பொம்மையின் கையில் ஊசி போட்டுப் பழகியவள், வார்டில் நோயாளியின் ரத்தநாளத்தைத் தேடும்போது பக்கத்தில் டியூட்டர் நின்றால் தைரியமாகக் கற்றுக்கொள்கிறாள். யாரும் வராமல், படுக்கை விரிக்கவும் ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோகவும் மட்டுமே அவளைப் பயன்படுத்தினால், நான்கு ஆண்டுகளும் வீண் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறாள். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி வகுப்பறையோடு முடிந்துவிடுவதில்லை என்பதை நிர்வாகங்கள் மறப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

2021-இல் வந்த புதிய விதிமுறைகள் செமஸ்டர் முறையையும் இறுதியில் இன்டர்ன்ஷிப்பையும் கொண்டுவந்தது நல்ல மாற்றமே. இருந்தும், தேர்வு நெருங்கும்போது, செய்த பயிற்சிகளைப் பதிவு செய்யும் லாக் புக்கில் கையெழுத்து வாங்கும் அவசரத்தில் கற்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

போன மாதம் மூன்றாமாண்டு மாணவிகளைச் சமுதாய நலப் பயிற்சிக்காகச் சேர்வராயன் மலையில் ஒரு கிராமத்துக்கு அழைத்துச் சென்றேன். வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி, காபித் தோட்டத்தில் வேலை செய்யும் பாட்டி ஒருவரின் வீட்டுத் திண்ணையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பையை வைத்து, சோப்புப் போட்டுக் கைகழுவி, ரத்த அழுத்தம் பார்த்தாள். 170/100 இருந்தது. மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று அதட்டாமல் கேட்டாள். வாங்கிவரப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று பாட்டி சொன்னதும், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கிடைக்க அந்தப் பகுதிச் செவிலியரிடம் அவளே பேசி ஏற்பாடு செய்தாள். அன்று மாலை பாட்டிக்காக அவள் எழுதிய பராமரிப்புத் திட்டத்தில் (கேர் பிளான்) புத்தகத்தைப் பார்த்து எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. இப்படியொரு நாள் தங்களுக்கு வாய்த்ததா என்று உன் மாணவர்களிடம் அவசியம் கேள்.

ஆண் மாணவர்களிடம் தனியாகவும் கேள். மகப்பேறு வார்டில் தாய்மார்களின் கூச்சம் நியாயமானதே. ஆனால் அங்கே கதவருகில் நின்றுவிட்டுத் திரும்பும் இவர்களுக்கும் அதே தேர்வுதான். வேலைவாய்ப்பைப் பற்றிய கவலை எல்லோருக்கும் உண்டு, அதற்கு ஒரு கேள்வி போதும்.

பெயர் எழுதச் சொல்லாதே. இன்டர்னல் மதிப்பெண் நம் கையில் இருக்கும்வரை, பெயர் போட்ட தாளில் யாரும் மனம் திறக்கமாட்டார்கள். முதல் வரைவு முடிந்ததும் அனுப்பிவை, வார்டு பற்றிய பகுதியை நான் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் தோழி